சம்பந்திக்கு வைத்த பழப் பேஸ்ட்ரி

1

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன விருந்தாளிகள் சனிக்கிழமையே வந்தால் ஒரு வீடு என்ன பாடுபடும் என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரில் மதிலால் எட்டிப் பார்த்து ஒரு சத்தம் போட்டால் போதும். ஒரு வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும், இன்னொரு வீட்டிலிருந்து பூப்போட்ட கோப்பைகள் வரும். இங்கே லெஸ்டரில் என் இடப்பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. வலப்பக்கத்து வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் பெயர் தெரியும்.

மத்தியானம் தொலைபேசியில் வந்தவர் நூர்ஜஹான். எங்கள் மகள் ஸஹ்லா கட்டிக்கொள்ள விரும்பும் பையன் ஷாஹுலின் தாய். திருச்சிக்காரர், இப்போது லெஸ்டரில் இருப்பவர், கணவரை இழந்தவர், அவருக்கு இருப்பது ஒரே மகன்.

"அண்ணே, நாளைக்கு ஷாஹுலுக்கு வேலை வந்திருச்சு. இன்னைக்கு சாயங்காலமே வந்து கல்யாணத் தேதியைப் பேசிரலாமா?"

"ஓம், ஓம், தாராளமா வாங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மனைவி பௌசியா ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் இனிப்பு என்று சொல்ல ஒரு பிஸ்கட் பைக்கட் இருந்தது, அதுவும் உடைத்தது. வட்டிலப்பம் அவிக்க நேரமில்லை. தொதல் கிண்டுவதை நினைக்கவே வேண்டாம். தேதி பேச வருகிறவர்களின் வாயை இனிக்க வைக்காமல் அனுப்பினால், ஊருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு முன் என் மனச்சாட்சியே என்னைத் தின்றுவிடும்.

ஸஹ்லா குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் இருந்து ஒரு நீளப் பெட்டியை உருவி எடுத்தாள். கடையில் விற்கும் பேஸ்ட்ரி மா. தாளோடு சேர்த்துப் பாய் போலச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

"வாப்பா, இது இரிக்கி. மேல பழத்தை வச்சா வேலை முடிஞ்சி."

எனக்கு அந்த மாவோடு ஒரு பழைய கணக்கு உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் கல்முனை பேக்கரிகளில் பேஸ்ட்ரி என்றால் முக்கோணமாக இருக்கும், உள்ளே மீனும் வெங்காயமும் இருக்கும். அதற்குள் பழத்தை வைப்பது ஆணம் என்று நாங்கள் சொல்லும் குழம்புக்குள் சீனியைப் போடுவது மாதிரி. இங்கு வந்த புதிதில் ஆசையாக ஒன்று வாங்கினேன். மா என்று கண்டதும் கை சும்மா இருக்குமா? உருட்டி, தண்ணீர் தெளித்து, ரொட்டிக்குக் குழைப்பது போல நன்றாகக் குழைத்து, அடித்து, திரும்ப உருட்டிப் போட்டேன். அடுப்பிலிருந்து வந்ததை ஓட்டுக்குப் பதிலாகக் கூரைக்குப் போட்டிருக்கலாம். அந்த மாவுக்குள் வெண்ணெயும் மாவும் ஏடு ஏடாக அடுக்கியிருக்கிறதாம். குழைத்தால் அத்தனை ஏடும் செத்துப்போகும். நம்மவர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள் என்று அன்று ஸஹ்லா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவள் சின்னப் பிள்ளை.

இந்த முறை தொடாமல் விரித்தேன். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுக் கத்தியால் மெதுவாகக் கோடு கீறினேன். நடுவில் முள்ளுக்கரண்டியால் குத்தினேன், இல்லாவிட்டால் நடுவும் எழும்பிப் பழத்தைத் தள்ளிவிடும். ஆப்பிள் இரண்டு, கனிந்து தோல் சுருங்கத் தொடங்கிய மாம்பழம் ஒன்று, பாதி அன்னாசி. எல்லாவற்றையும் மெல்லியதாக வெட்டிச் சீனியும் ஏலத்தூளும் எலுமிச்சம் புளியும் போட்டுப் பிரட்டி, ஊறிய சாற்றை வடித்துவிட்டு அடுக்கினேன். சாற்றோடு வைத்தால் அடி களியாகிவிடும். அன்னாசியைக் கண்டதும் என் கை தானாக உப்புக்கும் மிளகாய்த் தூளுக்கும் போனது. ஸஹ்லா கையைப் பிடித்துவிட்டாள்.

"வாப்பா! அவங்க திருச்சி. கடற்கரையில அன்னாசி வாங்கித் தின்ன வரல்ல."

ஓரத்தில் முட்டை தடவி நல்ல சூட்டில் உள்ளே தள்ளினோம். அது வேகிற நேரத்தில் இன்னொரு வேலை. எங்கள் தெருவில் விருந்தாளியின் கார் நிற்பதற்கும் நகரசபையின் அனுமதி வேண்டும். கணினியில் கேட்டால் கடவுச்சொல் பிழை என்றது. புதிய கடவுச்சொல் கேட்டால் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. ஊரில் சம்பந்தி வருவதற்கு வாசலைக் கூட்டினால் போதும், இங்கே அரசாங்கமும் சம்மதிக்க வேண்டும். கடைசியில் ஸஹ்லா தன் போனில் ஒரு நொடியில் எடுத்துத் தந்தாள். அதற்குள் வீடு முழுக்க ஏலமும் வெண்ணெயும் மணத்தது.

2

நூர்ஜஹானும் ஷாஹுலும் வந்தார்கள். பௌசியாவும் வேலை முடிந்து வந்து அவசரமாக உடுப்பு மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பேஸ்ட்ரியைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொண்டுவந்து வைத்தேன். ஓரம் பொன்னிறமாக எழும்பி நின்றது, கடித்தால் நொறுங்கியது.

"யாரு செஞ்சது? கடையில வாங்கினதா?" என்று கேட்டார் நூர்ஜஹான்.

"மா கடையில வாங்கின. மிச்சம் எல்லாம் நான்" என்றேன்.

"அண்ணேவா! நீ பாத்துக்கடா ஷாஹுல்" என்று மகனைச் சீண்டிவிட்டு இரண்டாவது துண்டையும் எடுத்தார். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கல்யாணம் என்று பேச்சு முடிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சியில்தான் வாயைக் கொடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நூர்ஜஹான், "ஷாஹுல் ரூம் கொஞ்சம் சின்னதுதான். கட்டில் மாத்தணும், அலமாரி ஒண்ணு வாங்கணும்" என்று தொடங்கினார்.

"நீங்க அதுக்கெல்லாம் கரைச்சல்பட வேணாம் தங்கச்சி" என்றேன் பெருமையாக. "மேல பெரிய அறைக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிட்டன். நானும் பௌசியாவும் பின்னால சின்ன அறைக்கு மாறிருவம். மகன் உடுப்பை எடுத்துக்கிட்டு வந்தாப் போதும்."

எங்கள் ஊரில் ஒரு தகப்பன் சொல்லக்கூடிய ஆகப் பெரிய மரியாதைச் சொல் அது. அதைச் சொல்வதற்காகத்தான் ஆயுள் முழுக்க உழைப்பார்கள்.

நூர்ஜஹான் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். "என்னண்ணே சொல்றீங்க? என் பையனை வீட்டோட மாப்பிள்ளையாவா கேக்குறீங்க?"

"ஓம். வேற எப்படி?" என்றேன். அல்லாஹ் அறிவான், அந்த நேரத்தில் எனக்கு வேறு எப்படி என்று உண்மையாகவே தெரியவில்லை.

"எங்க பக்கம் வக்கத்தவன்தான் மாமனார் வீட்டுல போய் ஒக்காருவான். எனக்கு இருக்கிறது ஒரே புள்ள. அவனையும் உங்க வீட்டுக்கு அனுப்பிட்டு நான் செவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கவா?"

ஷாஹுல் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸஹ்லா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என் எதிரிக்கும் நான் விரும்ப மாட்டேன். தேநீர் ஆறுவதற்குள் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். தட்டில் இரண்டாவது துண்டு பாதியில் கிடந்தது.

"உங்கட வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரிக்க ஏலாதா?" என்றாள் பௌசியா. "நாலு நாள் கழிச்சுக் கதைச்சா என்ன, குடியா மூழ்கிப் போகும்?"

ஸஹ்லா மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் சாத்தினாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

3

கல்முனைக் கரையில் வளராதவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். எங்கள் பக்கத்தில் கல்யாணம் கட்டினால் மகள் வீட்டை விட்டுப் போவதில்லை. மகன்தான் போவான். மகள் பிறந்த உடனேயே வாப்பா கல்லும் சீமெந்தும் பற்றி யோசிக்கத் தொடங்குவார். நாலு மகள் என்றால் நாலு வீடு. கல்யாணம் முடிந்ததும் பெரிய வீடு மகளுக்கு. பெற்றவர்கள் வளவுக்குள் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு நகர்ந்துகொள்வார்கள். பெண்ணைப் பெற்றவர்களின் முதுகு இதில் முறிகிறது என்பதும் உண்மைதான். அதைப் பற்றிக் கோபமாகக் கதைக்க ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு.

நான் மருதமுனைக்காரன். கல்முனையில் பௌசியாவுக்குக் கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். ஒரு பெட்டி உடுப்பு, ஒரு சைக்கிள், கடை வேலை. அவ்வளவுதான் என் ஆஸ்தி. போன அன்றிலிருந்து மாமி எனக்கு ராஜ உபசாரம் செய்தார். மீனில் நல்ல நடுத்துண்டு எனக்கு, தலை மாமாவுக்கு. ஒருநாள் மாமாவே மாமியிடம், "உங்கட மருமகன் வந்த நாளையில இருந்து நான் மீனை மறந்திட்டன்" என்று பகிடி விட்டார். பின்பக்கத்துச் சின்ன வீட்டில் இருந்துகொண்டு அவர் ஒருநாளும் தன்னைச் சிறியவராக நினைக்கவில்லை. மகளின் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தார். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

நானும் அதையேதான் கேட்டேன். ஸஹ்லா எங்கள் ஒரே பிள்ளை. காலையில் அவள் தலைமுடி காயவைக்கும் இயந்திரத்தின் இரைச்சல், சாவியைத் தேடித் தேடிக் கத்துவது, படியில் தடதடவென்று இறங்குவது. இந்தச் சத்தங்கள் இல்லாத வீட்டை எனக்குக் கற்பனை செய்யவே முடியவில்லை. நாடு விட்டு நாடு வந்தேன், பாஷை மாற்றினேன், சாரனைக் கழற்றிவிட்டுக் குளிருக்கு ரெண்டு காற்சட்டை போட்டேன். மகள் வீட்டோடு இருப்பாள் என்ற ஒன்றை மட்டும் மாற்ற வேண்டிவரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

4

அந்த வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழும்ப வேண்டும், எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கில் நிற்கும் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. பின்னால் இருந்த பிள்ளைகளில் ஒன்று, "ஏன் பாட்டே போடவில்லை?" என்று கேட்டது. வீட்டில் ஸஹ்லா ஸலாம் சொல்வாள், சாப்பிட்டேன் என்பாள், மேலே போய்விடுவாள். அவளுக்கும் ஷாஹுலுக்கும் கதை நடக்கிறதா, முறிந்துவிட்டதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. பௌசியாவிடம் கேட்டால், "உங்கட மகள்தானே, நீங்களே கேளுங்க" என்றாள்.

கை சும்மா இருக்க முடியாமல் திரும்பவும் பேஸ்ட்ரி மா வாங்கினேன். ஒருநாள் ஸ்ட்ரோபெரி வைத்தேன், எல்லாம் தண்ணீராகிப் போனது. இன்னொரு நாள் வாழைப்பழம் வைத்தேன், நன்றாகத்தான் வந்தது, தின்ன ஆளில்லை. அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் குந்திக்கொண்டு மா எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வாழ்க்கையில் மனிதனுக்குக் கிடைக்கும் பொழுதுபோக்கு இதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் புறப்பட்டேன். மாம்பழமும் ஆப்பிளும் வைத்த பேஸ்ட்ரியைத் தட்டோடு துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கார் இருந்தது. ஆனால் பிரேக் அடித்தால் பழம் சரிந்துவிடும் என்று பயம். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் சரிந்த தட்டோடு போகக் கூடாது.

நூர்ஜஹான் கதவைத் திறந்தார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே. வாசல்ல நிக்காதீங்க."

உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன். "தங்கச்சி, நான் சொன்னது மரியாதைக் கேடு இல்ல. எங்கட ஊருல அப்படித்தான். நானே அப்படிப் போன மாப்புளதான். எங்கட உம்மாக்கு நானும் ஒரே மகன்தான்."

அவர் தட்டின் துணி முடிச்சை அவிழ்த்தார். "ஒரே பையனா? அவங்க எப்படித் தாங்குனாங்க?"

"மருதமுனைக்கும் கல்முனைக்கும் சைக்கிள்ல போற தூரம்தான். சுபஹு தொழுதிட்டு, இடையில இரிக்கிற பாண்டிருப்பால மிதிச்சிப் போய் உம்மாட கையால ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் கடை திறக்கிற. ஒருநாள் போகாட்டியும் உம்மா ஆள் அனுப்பிருவா."

நூர்ஜஹானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, அப்ப நீங்க எங்கேயும் போகவே இல்லையேண்ணே! இதுல போயி எங்கிட்ட வழக்கம் வேற பேசுனீங்க."

இத்தனை வருஷத்தில் அதை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் சரிதான். நான் வீடு மாறினேன், உம்மாவை விட்டுப் போகவில்லை. நானும் சிரித்தேன்.

அவர் பேஸ்ட்ரியை வெட்டி எனக்கும் ஒரு துண்டு வைத்தார். தனக்கு எடுத்ததைத் தின்னாமல் தட்டில் திருப்பித் திருப்பி வைத்தார்.

"உங்க பொண்ணு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"என்னத்த?"

"அன்னைக்கு ராத்திரி நான் அழுதுட்டேன். அப்பதான் ஷாஹுல் வாயைத் தெறந்தான். அவனுக்கு கிளாஸ்கோவுல வேலை கெடச்சிருச்சாம். ஸஹ்லாவும் அங்கேயே வேலைக்கு எழுதிப் போட்டிருக்காளாம். வீடு கூடப் பாத்து வச்சிட்டாங்கண்ணே. நீங்களும் நானும் யாரு வீடு, யாரு ரூமுன்னு இங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம்."

கிளாஸ்கோ ஸ்கொட்லாந்தில் இருக்கிறது. சைக்கிளில் போகிற தூரம் இல்லை. பேஸ்ட்ரித் துண்டைத் தட்டில் வைத்தேன். தண்ணீர் கேட்டேன். அவர் கொண்டுவந்து தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

5

வீட்டுக்கு வந்தபோது ஸஹ்லா குசினியில் அடுப்புப் பக்கம் நின்றாள். நான் கோபப்பட வேண்டும் என்றுதான் பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். அவளைக் கண்டதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கிளாஸ்கோவுல குளிர் கூடவாமே, மகள்?" என்று கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "சொல்லத்தான் இருந்தன் வாப்பா. சத்தியமா. சொல்ல வந்த அண்டைக்கு நீங்க அறைக்குப் பெயின்ட் அடிச்சிக்கிட்டு நிண்டீங்க. என்ன நிறம் விருப்பம் எண்டு கேட்டீங்க. எனக்கு எப்படிச் சொல்ற எண்டே தெரியல்ல."

"அப்ப வெள்ளை எண்டு சொன்னியே?"

"வேற என்ன சொல்ல?"

அவள் அழுதாள். உம்மாவிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். பௌசியாவுக்கு ஒரு மாதமாகத் தெரியுமாம். என்னிடம் சொல்லும் பொறுப்பை அவர்கள் இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு ஆளிடம் உண்மையைச் சொல்ல எல்லோரும் பயப்படுகிறார்கள் என்றால், அந்த ஆள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்தான். ஆனால் எனக்கு அப்போது யோசிக்க வரவில்லை, வலிக்கத்தான் செய்தது. என் மகள் என்னை விட்டுப் போகிறாள். கெட்டவனோடு போகவில்லை, கெட்ட இடத்துக்குப் போகவில்லை. ஆனாலும் போகிறாள். ஓம், போ என்று சொன்னேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் எம்பி நின்றவளுக்கு இப்போது கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

கல்யாணத் தேதியில் மாற்றமில்லை. பெருநாள் கழிந்து நிக்காஹ், மறுநாளே அவர்கள் ரயில் ஏறுகிறார்கள். பௌசியா கிளாஸ்கோவுக்கு என்று கறித்தூள், கருவாடு, அப்பச்சட்டி எல்லாம் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். அவளுக்குக் கைவேலை இருக்கிறது. நான்தான் அங்குமிங்கும் நடக்கிறேன். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பௌசியாவிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போன் எடுத்து என் மச்சானிடம் கேட்டேன். மூன்று மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த மனிதர் அவர். "நீ என்னடா கேக்கிறா? மகள் ஏன் வெளிக்கிடணும்?" என்று திருப்பிக் கேட்டார்.

கடைசியில் நேற்றுப் பின்னேரம் நூர்ஜஹானுக்கு எடுத்தேன்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கணும். சிரிக்கப்படாது. எங்கட ஊருல மகள் வெளிக்கிட்டுப் போறதில்ல. எங்கட வாப்பா, மாமா, மச்சான், ஒருத்தரும் இந்த வேலையைச் செஞ்சதில்ல. எனக்கு வழக்கம் தெரியாது. அவள் போற அண்டைக்கு வாசல்ல நிண்டு வாப்பா என்ன சொல்லி அனுப்பிற?"

அவர் சிரிக்கவில்லை.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ண்ணே" என்றார். "என்னைய அனுப்புறப்ப எங்க அத்தா நெறையச் சொல்லணும்னுதான் வந்தாரு. கார் கதவைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு, அவ்வளவுதான். ஏதாவது சொல்லியிருந்தார்னா இந்நேரம் மறந்திருப்பேன்."